மூன்றாவது மானிட்டருக்கு உயிர் கொடுப்பது: ஆன்போர்டு கிராபிக்ஸையும் கார்டையும் சேர்த்து ஓட்டும்போது வரும் சிக்கல்கள்

கிராபிக்ஸ் கார்டில் இரண்டு மானிட்டர் மாட்டியாயிற்று, மூன்றாவதை மதர்போர்டில் சும்மா கிடக்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் செருகினால் 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது. உடனே எல்லோரும் செய்வது கேபிளை மாற்றுவது, அப்புறம் மானிட்டரை மாற்றிப் பார்ப்பது, கடைசியில் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. இதெல்லாம் பெரும்பாலும் வீண் வேலை. பிராசசர், பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சாஃப்ட்வேர்), டிரைவர் (விண்டோஸுக்கு கிராபிக்ஸை இயக்கத் தெரியவைக்கும் சாஃப்ட்வேர்), விண்டோஸ் செட்டிங்ஸ், கேபிள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளில் கோளாறு ஏதோ ஒரு அடுக்கில்தான் இருக்கும், கீழ் அடுக்கு சரியில்லை என்றால் மேல் அடுக்கில் என்ன செய்தாலும் பலிக்காது. அதனால் அடியிலிருந்து ஆரம்பியுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முதலில் கேபினெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மேலே யுஎஸ்பி, லேன், ஆடியோ ஓட்டைகளோடு சேர்ந்து ஒரு ஹெச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளே போர்ட்டோ விஜிஏவோ இருக்கும், அது மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே தனியாக ஒரு தகட்டில் படுக்கைவசத்தில் இருப்பவை கார்டினுடையவை. எந்த மானிட்டரின் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள், பிற்பாடு பயாஸில் எதையாவது மாற்றியதும் ஒரு திரை கறுத்துவிட்டால் அது எந்தப் பக்கத்துத் திரை என்பது உங்களுக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.

மதர்போர்டில் இருக்கும் அந்தப் போர்ட்டுக்குச் சொந்தமாகப் படம் வரையும் சக்தி கிடையாது. படம் வருவது பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலிருந்து (இதைத்தான் ஆன்போர்டு என்கிறோம்), போர்ட் வெறும் வாசல்தான். ஆகவே உங்கள் பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் இல்லை. ஐ5 12400க்கும் 12400எஃப்புக்கும் வித்தியாசமே அதுதான், முன்னதில் யுஎச்டி 730 என்ற கிராபிக்ஸ் இருக்கிறது, பின்னதில் எதுவும் இல்லை. அசெம்பிள் செய்யும் கடைகளில் விலை கொஞ்சம் குறைகிறது என்று எஃப் வகையைத்தான் அதிகம் தள்ளிவிடுவார்கள், கார்டு எப்படியும் போடத்தானே போகிறோம் என்று நாமும் வாங்கிவிடுவோம். ஏஎம்டியில் கணக்கு வேறு. ரைசன் 5000 வரிசையில் எண்ணுக்குப் பின் ஜி என்ற எழுத்து வருபவற்றில்தான் கிராபிக்ஸ் உண்டு, 5600எக்ஸ் போன்றவற்றில் கிடையாது. ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசையில் சின்ன அளவில் ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள், 7500எஃப் மாதிரி எஃப் வகை மட்டும் விதிவிலக்கு. உங்களுடையது கிராபிக்ஸ் இல்லாத ரகம் என்றால் இதோடு விட்டுவிடுங்கள், எந்த டிரைவரும் அந்தப் போர்ட்டை எழுப்பாது. மூன்றாவது மானிட்டரைக் கார்டிலேயே மாட்ட வழி பாருங்கள்.

உண்மையில், ஆன்போர்டு இருந்தால்கூட முதலில் கார்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வழக்கம். ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகள் பலவற்றில் ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளே போர்ட், ஒரு டிவிஐ என மூன்று ஓட்டைகள் இருக்கின்றன, மூன்றிலும் ஒரே நேரத்தில் படம் வரும். ஒரே கார்டு, ஒரே டிரைவர், தலைவலி பாதியாகக் குறையும். கார்டில் போர்ட் தீர்ந்துபோனால் மட்டும் ஆன்போர்டுக்குப் போங்கள்.

பயாஸில் என்ன மாற்ற வேண்டும்

நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட கேஸ் இங்கேதான் முடிகிறது. கார்டு ஒன்று செருகியிருப்பதைக் கண்டதும் நிறைய மதர்போர்டுகள் ஆன்போர்டு கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும், செட்டிங் 'ஆட்டோ' என்று இருந்தால் அதன் பொருள் பெரும்பாலும் அதுதான். விண்டோஸுக்கு அப்படி ஒரு சாதனம் இருப்பதே தெரியாது.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போங்கள். எளிய முகப்பு வந்தால் எஃப்7 தட்டி அட்வான்ஸ்டு பக்கத்துக்கு மாறுங்கள், ஆசுஸிலும் எம்எஸ்ஐயிலும் அதுதான் பட்டன். தேட வேண்டிய பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆசுஸில் சிஸ்டம் ஏஜென்ட் கான்ஃபிகரேஷன், அதற்குள் கிராபிக்ஸ் கான்ஃபிகரேஷன், அங்கே 'ஐஜிபியு மல்டி மானிட்டர்'. எம்எஸ்ஐயில் 'ஐஜிடி மல்டி மானிட்டர்'. ஜிகாபைட்டில் 'இன்டர்னல் கிராபிக்ஸ்' என்றோ 'இன்டகிரேட்டட் கிராபிக்ஸ்' என்றோ இருக்கும். ஆஸ்ராக்கிலும் ஆசுஸ் போலவே ஐஜிபியு மல்டி மானிட்டர்தான். எதுவானாலும் ஆட்டோவில் விடாமல் 'எனேபிள்டு' என்று வையுங்கள்.

பக்கத்திலேயே 'பிரைமரி டிஸ்ப்ளே' அல்லது 'இனிஷியல் டிஸ்ப்ளே அவுட்புட்' என்று இன்னொன்று இருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதல் படம், பயாஸ் திரை உட்பட, எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதைப் பிசிஐஇ அல்லது பெக் (இரண்டும் கார்டு செருகும் இடத்தைக் குறிப்பவை) என்று கார்டின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் ஆன்போர்டு பக்கம் மாற்றிவிட்டால் அடுத்த முறை ஆன் செய்யும்போது மெயின் மானிட்டர் கறுப்பாகவே நிற்கும், பயந்துபோகத் தேவையில்லை, மதர்போர்டு போர்ட்டில் மாட்டிய திரையில் படம் ஓடிக்கொண்டிருக்கும். எந்தத் திரையிலும் எதுவுமே வரவில்லை என்றால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு சிமாஸை (பயாஸ் செட்டிங்ஸ் சேமித்து வைக்கப்படும் இடம்) கிளியர் செய்யுங்கள், மதர்போர்டில் இருக்கும் அந்த நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிவிட்டு மறுபடி போட்டாலும் பெரும்பாலான போர்டுகளில் இதே பலன்தான். எல்லா செட்டிங்கும் பழைய நிலைக்குப் போய்விடும், ஆனால் படம் திரும்ப வரும்.

எஃப்10 தட்டி சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

டிரைவர்

விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். அங்கே இரண்டு பெயர் இருக்க வேண்டும், உதாரணமாக இன்டெல் யுஎச்டி கிராபிக்ஸ் 730, என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1650. ஒன்று மட்டும் இருந்தால் பயாஸ் வேலை இன்னும் முடியவில்லை, திரும்பிப் போங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சாதனம் தெரிகிறது, டிரைவர்தான் இல்லை. மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதன் மேல் டபுள் கிளிக் செய்து என்ன கோட் காட்டுகிறது என்று படியுங்கள். கோட் 43 என்றால் டிரைவர் கெட்டிருக்கலாம், சில சமயம் கார்டே கெட்டிருக்கலாம்.

இன்டெல், ஏஎம்டி, என்விடியா மூவருடைய டிரைவரையும் அவரவர் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம் என்று சொல்லும் இலவச சாஃப்ட்வேர் பக்கமே போக வேண்டாம், அவை செய்யும் குளறுபடியைச் சரிசெய்யவே ஒரு நாள் போய்விடும். ஏஎம்டி கார்டைக் கழற்றிவிட்டு என்விடியா போட்டவர்களுக்கும், அதற்கு நேர்மாறாகச் செய்தவர்களுக்கும் பழைய டிரைவரின் மிச்சம் தொல்லை கொடுக்கலாம். அப்போது டிடியு என்று எல்லோரும் சொல்லும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை இறக்கி, இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் நிலை) ஓட்டிச் சுத்தமாக்கி, பிறகு புதிதாகப் போடுங்கள். இன்டர்நெட்டை ஏன் கழற்ற வேண்டும் என்றால், அழித்த மறு நிமிடமே விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் பட்டனோடு பி (P) அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே. மூன்று கட்டம் தெரிகிறதா? இரண்டுதான் தெரிந்தால் கீழே மல்டிபிள் டிஸ்ப்ளேஸில் 'டிடெக்ட்' அழுத்திப் பாருங்கள். கட்டம் தெரிந்தும் திரை கறுப்பு என்றால் அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்து, அந்த டிஸ்ப்ளே துண்டிக்கப்பட்டதாக இருக்கிறதா என்று பார்த்து, எக்ஸ்டெண்டுக்கு மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருந்த திரை திடீரென்று உறைந்தாலோ கறுத்தாலோ விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், ஒரு பீப் சத்தத்தோடு கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் ஃபைலெல்லாம் அப்படியே இருக்கும்.

அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்று ஒன்று இருக்கிறது, இதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. ஒவ்வொரு மானிட்டரையும் தேர்ந்தெடுத்தால் அது எந்த கிராபிக்ஸோடு இணைந்திருக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும், ரிஃப்ரெஷ் ரேட்டும் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) அங்கேதான் மாற்ற வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி அதை 60லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

கேம் ஆடும் திரையை எப்போதும் கார்டில் மாட்டுங்கள், அதையே மெயின் டிஸ்ப்ளேயாகவும் வையுங்கள். அது மதர்போர்டில் இருந்தாலும் கேம் ஓடத்தான் செய்யும், ஆனால் கார்டு வரைந்த ஒவ்வொரு ஃபிரேமையும் பிசிஐஇ வழியாக ஆன்போர்டு பக்கம் காப்பி செய்துதான் திரைக்கு அனுப்ப முடியும், அதில் வேகமும் குறையும், தாமதமும் கூடும். ஆன்போர்டில் மாட்டும் திரையை வாட்ஸ்அப், மெயில், எக்ஸெல், பிரவுசர் என்று அசையாத வேலைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள், அதற்கு அது தாராளம். ஏதாவது ஒரு புரோகிராம் தவறான கிராபிக்ஸில் ஓடி மந்தமாக இருந்தால் டிஸ்ப்ளே பக்கத்தின் கீழே 'கிராபிக்ஸ்' என்பதற்குள் போய் அந்த புரோகிராமுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று குறிப்பிட்டுவிடலாம். வீடியோ எடிட் செய்பவர்களுக்கு ஆன்போர்டை எனேபிள் செய்ததில் ஒரு உபரி லாபமும் உண்டு, வீடியோவை வேகமாக என்கோட் செய்யும் இன்டெல்லின் குவிக் சிங்க் வசதி பயன்பாட்டுக்கு வந்துவிடும்.

மானிட்டர் தூங்கி எழுந்ததும் ஜன்னல்களெல்லாம் இடம் மாறிக் குவிந்து கிடக்கின்றனவா? டிஸ்ப்ளே போர்ட்டில் இது அதிகம், மானிட்டர் அணைந்ததும் கேபிளையே பிடுங்கிவிட்டது போல விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 11இல் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் டிக் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

கேபிளும் கன்வெர்ட்டரும்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இது முக்கியமில்லை என்பதல்ல, மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால்தான் கேபிளைச் சந்தேகிப்பதில் அர்த்தம் இருக்கிறது. கன்வெர்ட்டர்கள் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போகும் மலிவான கேபிளைத் திருப்பி மாட்டி, கம்ப்யூட்டரின் ஹெச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதற்கு யுஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளும் ஆக்டிவ் அடாப்டர் தனியாக வேண்டும், கடையில் கேட்கும்போதே எதிலிருந்து எதற்கு என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

பழைய விஜிஏ மானிட்டரை மூன்றாவது திரையாக வைக்க நினைப்பவர்கள் கார்டின் டிவிஐ ஓட்டையை உற்றுப் பாருங்கள். ஒரு ஓரத்தில் தட்டையாக ஒரு பிளவு இருக்கும், அதன் மேலும் கீழுமாக நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அதில் விஜிஏவுக்கான அனலாக் சிக்னலும் வரும். பிளவு மட்டும் தனியாக இருந்தால் வராது, சாதாரண டிவிஐ-விஜிஏ பிளக் அதில் உள்ளேயே போகாது. என்விடியா 10 வரிசையிலிருந்தே அனலாக்கை விட்டுவிட்டது, அதனால் 1650இல் ஆக்டிவ் கன்வெர்ட்டர்தான் வழி. மதர்போர்டிலேயே விஜிஏ இருந்தால் இன்னும் நல்லது, அந்தப் பழைய மானிட்டரை நேராக அங்கே மாட்டுங்கள்.

4கே திரையை மதர்போர்டில் மாட்டியதும் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது என்றால் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள், 30 என்று இருக்கும். இன்டெல் 10ஆம் தலைமுறை வரையிலான போர்டுகளில் ஹெச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4 ரகம், அதில் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. அதே போர்டில் டிஸ்ப்ளே போர்ட் 1.2 இருந்தால் 60 கிடைக்கும். ஹெச்டிஎம்ஐயில் கறுப்பெல்லாம் சாம்பலாக வெளிறித் தெரிந்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள், கிராபிக்ஸ் உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இன்டெல்லின் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரிலோ என்விடியா கன்ட்ரோல் பேனலிலோ நிறத்துக்கான ரேஞ்சை 'லிமிடெட்'டிலிருந்து 'ஃபுல்'லுக்கு மாற்றினால் தீர்ந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மானிட்டர் மட்டும் அடம்பிடித்தால் அதன் பவர் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கி அரை நிமிடம் விட்டுவிட்டு மாட்டுங்கள். கம்ப்யூட்டரிடம் தன் அளவையும் ரிஃப்ரெஷ் ரேட்டையும் சொல்லும் பகுதி சில சமயம் சிக்கிக்கொள்ளும், மானிட்டரின் பவர் பட்டனில் அணைத்தால் மட்டும் அது விடுபடாமல் போகலாம்.

லேப்டாப்காரர்களுக்கு

உங்களுக்கு பயாஸில் செய்ய அதிகம் இல்லை, எந்தப் போர்ட் எந்த கிராபிக்ஸோடு இணைந்தது என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் செட்டிங் பக்கத்தைத் திறந்தால் ஒரு சின்னப் படத்தில் அதைக் காட்டும். டைப் சி போர்ட் இருப்பதால் மட்டும் அதில் மானிட்டர் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம், டிஸ்ப்ளே போர்ட் வசதி கொண்ட டைப் சியாக இருக்க வேண்டும். கேமிங் லேப்டாப்பில் 'கார்டு மட்டும்' என்ற மோடுக்கு மாற்றியதும் டைப் சியில் இருந்த திரை போய்விட்டது என்றால், அந்தப் போர்ட் ஆன்போர்டைச் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் மோடுக்குத் திரும்புங்கள், வந்துவிடும்.

இன்னொன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது மானிட்டர் பயாஸ் அப்டேட் செய்த மறுநாள் காணாமல் போனால் வேறு எங்கும் தேடாதீர்கள், அப்டேட்டில் செட்டிங்ஸெல்லாம் ஆட்டோவுக்குத் திரும்பியிருக்கும். பழைய மதர்போர்டில் அப்டேட் எதுவும் செய்யாமலேயே இப்படி ஆகி, கூடவே கடிகாரமும் தப்பாகக் காட்டினால் அந்த சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு ஐஜிபியு மல்டி மானிட்டரை மறுபடி எனேபிள் செய்யுங்கள்.