எட்டு ஜிபியில் ஒண்டுக்குடித்தனம்

பழைய வண்ணாரப்பேட்டையின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு மெய்நிகர் கணினி, அதாவது ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாகும் இன்னொரு கணினி, எளிதில் புரியும். ஒரே வீடு, பல குடித்தனங்கள். தண்ணீர்க் குழாயும் மாடிப்படியும் எல்லோருக்கும் பொது. அலுவலகங்கள் கழித்துவிட்ட சின்னஞ்சிறு கணினியை வாங்கி, அதற்கான பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதை நான்கைந்து கணினிகளாகப் பிரித்துப் பழகும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் இடறும் இடம் ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம்தான்.

எட்டு ஜிபியையும் நான்கு குடித்தனங்களுக்கு இரண்டிரண்டாகப் பங்கிட்டுவிட்டால் வீட்டுக்காரர் எங்கே படுப்பார்? மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் தாய்க்கணினிக்கும் நினைவகம் வேண்டும். அது தீர்ந்துபோனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல், ஓடும் நிரல்களில் ஏதோ ஒன்றைக் கொன்றுதான் மூச்சுவிடும். அப்போது பலியாவது பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் மெய்நிகர் கணினி. ஆகவே முதலில் இரண்டு ஜிபியைத் தாய்க்கணினிக்கு எடுத்துவையுங்கள். வட்டில் இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையைப் பயன்படுத்தினால் இன்னும் கூடுதலாக. மீதியைச் சிக்கனமாகப் பிரியுங்கள். ஒரு சிறிய இணையப் பக்கத்தை வழங்க வரைகலைத் திரையோடு கூடிய உபுண்டு லினக்ஸ் எதற்கு? மிகச் சிறிய ஆல்பைன் லினக்ஸுக்கு 256 எம்பி கொடுத்தாலே போதும். உள்ளே ஓடுவதெல்லாம் லினக்ஸ்தான் என்றால் தனிக் கர்னல்கூட வேண்டாம். தாய்க்கணினியின் கர்னலையே பகிர்ந்துகொள்ளும் எல்எக்ஸ்சி கொள்கலன் இன்னும் இலகுவானது.

மெய்நிகர் கணினி தொடங்கவே மறுத்தால், மறுபடி நிறுவுவதற்கு முன் கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில், செயலியின் மெய்நிகராக்க வசதி (இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மெய்நிகர் கணினிகளை நேரே வீட்டு வலையமைப்பில் சேர்க்கும் பிரிட்ஜை வைஃபையில் அமைக்க முயன்று இரவுகளை வீணாக்காதீர்கள். தன்னிடம் பதிந்துகொண்ட மேக் முகவரியோடு (வலையமைப்புக் கருவியின் அடையாள எண்) மட்டுமே வைஃபை ரூட்டர் பேசும். உள்ளே குடியிருப்பவர்களை அது அறியாது. கேபிள் இழுப்பதே எளிய வழி.

இனிச் சொல்வது எனக்கு வலித்த விஷயம். மெய்நிகர் கணினியின் ஒரு கணத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் என்பது காப்புநகல் அல்ல. பெரும்பாலும் அதே வட்டில்தான் அதுவும் கிடக்கிறது. ஒரு மழைக்காலத்தில், ஒரே மாலையில் மூன்று முறை மின்சாரம் போய்வந்த பிறகு, என் எஸ்எஸ்டி வட்டு எழவில்லை. காசிமேட்டில் அப்பா பார்க்கும் மீன் வியாபாரத்தின் இரண்டு ஆண்டுக் கணக்கு, எடுத்துவைத்திருந்த ஸ்னாப்ஷாட்டுகளோடு சேர்ந்தே போய்விட்டது. கணினிக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று வையுங்கள். கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கும், சன்னலோரத்தில் வைக்காதீர்கள். காப்புநகல் வேறொரு வட்டுக்குப் போகட்டும்; அந்த வட்டு எப்போதும் செருகியே இருக்க வேண்டாம். எடுத்த நகலை மீட்டுப் பார்க்காமல் நம்பவும் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறன்று அப்பாவின் கணக்கை வேறொரு மெய்நிகர் கணினியில் மீட்டெடுக்கிறேன். கடைசி வரியில் இருக்கும் தொகையை அவரே வந்து சரிபார்க்கிறார்.