பே ஸ்லிப்பில் 'பி.ஆர்.' என்று இருந்தால்

2024 டிசம்பர். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் எம்.எஸ்சி. முதல் பருவம் முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறை. ஒரு கிடங்கில் நான்கு வாரம் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. மணிக்கு 11.44 பவுண்டு, வாரத்துக்கு 40 மணி நேரம். முதல் வாரத்துக்கு 457.60 வர வேண்டும். வங்கியில் விழுந்தது 348.95.

இரவு ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே போனில் பே ஸ்லிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வருமான வரி 91.40, நேஷனல் இன்சூரன்ஸ் (அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்கான பிடித்தம்) 17.25. மேலே ஒரு மூலையில், எவ்வளவு வரி பிடிப்பது என்பதைக் குறிக்கும் டாக்ஸ் கோட் என்ற இடத்தில் இரண்டே எழுத்து: பி.ஆர். ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் ஒரே வாரத்தில் வரியாகப் போயிருந்தது. நான்கு வாரம் முடிந்தபோது அது 366 பவுண்டு ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை ஒரு வரி ஆண்டு. அதற்குள் 12,570 பவுண்டு வரை சம்பாதித்தால் வருமான வரியே கிடையாது. நான் அந்த ஆண்டு முழுக்கச் சம்பாதித்தது, ஓட்டல் வேலையும் சேர்த்து, ஐந்தாயிரத்தைத் தொடவில்லை. அப்படியானால் அந்த 366 பவுண்டும் என் பணம்.

பிறகு ஏன் பிடித்தார்கள்? புது வேலையில் சேரும்போது 'ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்' என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று வாசகம். இந்த வரி ஆண்டில் இதுதான் முதல் வேலை என்றால் ஏ. முன்பு ஒரு வேலை இருந்தது, இப்போது இது மட்டும்தான் என்றால் பி. இன்னொரு வேலையும் கையில் இருந்தால் சி. ஓட்டலில் வாரம் பத்து மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் சி போட்டேன். அது சரிதான். வரியில்லாத வரம்பு முழுவதும் ஓட்டல் வேலைக்கே போய்விட, கிடங்குச் சம்பளத்தில் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடித்தார்கள். பி.ஆர்., அதாவது 'பேசிக் ரேட்', என்பதற்கு அதுதான் அர்த்தம். படிவத்தையே தராமல் விட்டால் '0டி' என்ற கோட் விழும். அதிலும் வரியில்லாத வரம்பு கிடையாது. கோடின் கடைசியில் டபிள்யூ1 அல்லது எம்1 என்று இருந்தால், அந்த வாரத்தையோ மாதத்தையோ மட்டும் தனியாகக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். விடுமுறையில் முழு நேரம் உழைத்து, மற்ற மாதங்களில் குறைவாகப் பார்ப்பவர்களுக்கு அதில் அதிக வரி போகும்.

சரி, பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது? வேலையை விட்டதும், அதுவரையிலான சம்பளமும் வரியும் குறித்த பி45 சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் 5 அன்று எந்த வேலையில் இருக்கிறீர்களோ, அவர்கள் ஆண்டு முழுவதற்குமான சம்பள, வரிக் கணக்கான பி60 சீட்டை மே 31க்குள் தர வேண்டும். இரண்டையும், எல்லா பே ஸ்லிப்பையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.யின் இணையதளத்தில் உங்களுக்கென்று ஒரு கணக்கைத் திறந்தால், எந்த வேலையில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி என்பது அதிலேயே தெரியும். வரி ஆண்டு முடிந்த பிறகு, ஜூன் தொடங்கி, அதிகம் கட்டியவர்களுக்கு பி800 என்ற கடிதம் வரும். கடிதம் வந்ததும் பணமும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ஆன்லைனில் போய் வங்கி விவரம் கொடுத்துக் கேட்க வேண்டும். எனக்கு ஐந்தாவது வேலை நாளில் 366 பவுண்டும் வந்துவிட்டது. நேஷனல் இன்சூரன்ஸ் மட்டும் இதில் திரும்பாது. அது வேறு கணக்கு.

கடிதம் வரவில்லையென்றால் நீங்களே கேட்கலாம். நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. 2024-25க்கான பணத்தை 2029 ஏப்ரல் 5 வரை கேட்கலாம்.

இதற்கு ஏஜென்ட் வேண்டவே வேண்டாம். என்னோடு வீட்டில் இருந்த சேலத்துப் பையன் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தான். எதையும் படிக்காமல் போனிலேயே கையெழுத்துப் போட்டான். வந்த பணத்தில் நூற்றுக்கு முப்பதைக் கமிஷனாக எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தந்தார்கள். இரவெல்லாம் நின்று சம்பாதித்த காசு அது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அதே மாதிரி, 'உங்களுக்கு டாக்ஸ் ரீஃபண்ட் இருக்கிறது, லிங்க்கை அழுத்துங்கள்' என்று எஸ்.எம்.எஸ். வந்தால் அழித்துவிடுங்கள். ரீஃபண்ட் விஷயத்தை எச்.எம்.ஆர்.சி. எஸ்.எம்.எஸ்.ஸில் சொல்வதில்லை.

படிப்பு முடித்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாட்டை விட்டுப் போவதை எச்.எம்.ஆர்.சி.க்குத் தெரிவிக்கும் பி85 படிவத்தை நிரப்பி, பி45 விவரங்களையும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம் ஒன்று: பணம் வந்து சேரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள்.