கைடு தேடும்போது சைட்டேஷனை எப்படிப் படிப்பது?

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கமிருந்து மெடிக்கல் இமேஜிங்கில் (ஸ்கேன் படங்களை ஆராயும் துறை) பிஎச்.டி. பண்ணலாம் என்று இறங்கும் பசங்க எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, இந்த சாருக்கு ஐயாயிரம் சைட்டேஷன் இருக்கு, சேரலாமா?" சைட்டேஷன் என்றால் மேற்கோள், அதாவது அவர் பேப்பரை மற்ற பேப்பர்கள் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கின்றன என்ற கணக்கு. வெறும் ஐயாயிரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். போனிலேயே பார்த்துவிடலாம்.

முதலில், ஆய்வுப் பேப்பர்களைத் தேடும் கூகுள் ஸ்காலரில் வரும் பட்டியல் முழுக்க அவருடையதுதானா? இனிஷியல் போடும் நம் ஊரில் இது பெரிய தலைவலி. கே. முருகன் ஒரு பேப்பரில் முருகன் கே., அடுத்ததில் முருகன் கண்ணன், அதையே இன்னொருவர் மேற்கோள் காட்டும்போது அப்பா பெயர் முன்னால் ஏறி கண்ணன் எம். ஆகிவிடும். அதனால் ஒருவர் உழைப்பு மூன்று பேர் கணக்கில் சிதறும், எங்கேயோ மண் ஆய்வு செய்யும் வேறொரு முருகனின் பேப்பர் இவர் கணக்கில் வந்து உட்காரும். மூளை எம்ஆர்ஐ செய்பவர் பட்டியலில் சிமெண்ட் கலவை தென்பட்டால் சந்தேகப்படுங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் ஆர்க்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண் இந்தக் குழப்பத்துக்காகவே வந்தது, அவர் வைத்திருந்தால் அதில் சரிபாருங்கள். ஸ்கோபஸ் என்ற இன்னொரு பேப்பர் தரவுத்தளத்தில் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஸ்காலர் ஆய்வேடு, ப்ரீபிரிண்ட் (ஜர்னல் பரிசீலனைக்கு முன்பே வெளியிடும் பேப்பர்) எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும்.

அடுத்து எச்-இண்டெக்ஸ். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 5 என்றால், குறைந்தது 5 மேற்கோள் பெற்ற பேப்பர் அவரிடம் ஐந்து இருக்கிறது, ஆனால் 6 மேற்கோள் பெற்றவை ஆறு இல்லை என்று அர்த்தம். ஏழு பேப்பருக்கு முறையே 900, 14, 9, 6, 5, 3, 1 மேற்கோள் என்று வையுங்கள். மொத்தம் 938. ஆனால் குறைந்தது 5 மேற்கோள் பெற்றவை ஐந்துதான், ஆக எச்-இண்டெக்ஸ் 5. மொத்தத்துக்கும் இதற்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால் அந்த 900 எது என்று திறந்து பாருங்கள். பெரும்பாலும் மற்றவர் வேலையைத் தொகுத்துச் சொல்லும் சர்வே பேப்பராகவோ, ஸ்கேன் தொகுப்பை வெளியிடும் டேட்டாசெட் பேப்பராகவோ இருக்கும், இல்லையென்றால் ஒரே டேட்டாவில் பல குழுக்கள் போட்டியிட்ட முடிவைச் சொல்லும், டஜன் கணக்கில் ஆட்கள் பெயர் போட்ட போட்டி அறிக்கையாக இருக்கும். அது தப்பில்லை, ஆனால் அதில் இவர் வேலை எவ்வளவு என்பது கேள்வி. 2015இல் மிக்காய் என்ற மெடிக்கல் இமேஜிங் மாநாட்டில் வந்த, படத்தில் வேண்டிய பகுதியைப் பிரித்துக் காட்டும் யூ-நெட் முறை மாதிரி மூன்றே பேர் எழுதி உலகமே எடுத்துப் பயன்படுத்துவது அபூர்வம்.

பெயர் வரிசை இந்தத் துறையில் ரொம்ப முக்கியம். வேலை செய்தவர் பெயர் பெரும்பாலும் முதலில், லேபை நடத்துபவர் கடைசியில். எப்போதும் நடுவிலேயே நிற்பவர் கைடாக எப்படி இருப்பார் என்று யோசியுங்கள். ஸ்டான்லி மாதிரி ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்டையும், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் இன்ஜினியரிங் பேராசிரியரையும் மட்டும் ஒரே எண்ணால் ஒப்பிடாதீர்கள், இரண்டு பேருக்கும் எழுதும் இடம் வேறு, வேகம் வேறு.

குறைந்த மேற்கோள் என்றாலே மட்டம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிடி ஸ்கேனுக்கான கணக்கை கோர்மக் என்ற இயற்பியலாளர் 1963, 64இல் எழுதியபோது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1979இல், சிடி ஸ்கேன் மெஷினை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்த்து அவருக்கு நோபல் கொடுத்தார்கள். (உங்கள் கைடு கோர்மக் என்று சொல்லவில்லை.)

அப்புறம், யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று ஒரு பத்துப் பேப்பரையாவது தட்டிப் பாருங்கள். அவரும் அவர் மாணவர்களும், ஒரே கல்லூரி நண்பர்களும் மாற்றி மாற்றி வந்தால் அந்த மேற்கோள்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம். வெளியே வேறு லேபில் யாராவது அவர் முறையைத் தங்கள் ஸ்கேன்களில் ஓட்டிப் பார்த்து எழுதியிருந்தால் அந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம். தவறு காரணமாகப் பேப்பர் எதுவும் ஜர்னலால் திரும்பப் பெறப்பட்டதா என்பதை ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் இலவசமாகவே தேடலாம்.

கடைசியாகப் பட்டியலை ஆண்டு வாரியாக மாற்றி, போன மூன்று வருடத்தில் முதல் பெயராக வந்த மாணவர்கள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் படிப்பை முடித்து வெளியே போனவருக்கு ஒரு மெயில் போடுங்கள். "சார் நல்லவரா" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். பேப்பர் டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார், ஸ்கேன் டேட்டா கைக்கு வர எவ்வளவு காலம் ஆனது, ஃபெலோஷிப் பணம் மாதாமாதம் வந்ததா என்று கேளுங்கள்.