ஜீரோ வாட் பல்பு எவ்வளவு கரண்ட் இழுக்கும்? வீட்டு மீட்டரிலேயே பார்க்கலாம்

குண்டு பல்பு, சி.எஃப்.எல்., டியூப்லைட், எல்.இ.டி. என எங்கள் தருமபுரிப் பக்கத்தில் பல வீடுகளில் எல்லாம் கலந்துதான் இருக்கும். எதை முதலில் மாற்றலாம் என்று கேட்டால், எல்லோரும் குண்டு பல்பைக் கை காட்டுவார்கள். அது சரியா என்று அளந்தே பார்த்துவிடலாம். ஈ.பி. மீட்டரும் செல்போன் ஸ்டாப்வாட்ச்சும் போதும்.

படி 1: மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். மிக்ஸி ஓடினால் வேகமாக மின்னும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பதை முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள்: 1600, 3200 என்பது போல. வெளியிலிருந்து பார்த்தால் போதும், மீட்டர் பெட்டியில் கை வைக்க வேண்டாம்.

36,00,000-ஐ அந்த எண்ணால் வகுங்கள். 3200 என்றால் 1125 வரும், 1600 என்றால் 2250. இதுதான் உங்கள் வீட்டுக் கணக்கு எண்.

படி 2: மற்றதெல்லாம் ஆஃப்

ஃபிரிட்ஜ், டிவி, மோடம், சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. அது பேட்டரிக்குச் சத்தமில்லாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும், கணக்கே கெட்டுவிடும். எல்லாம் ஆஃப் ஆனபின் மீட்டர் விளக்கு மின்னாமல் நிற்க வேண்டும்.

படி 3: பல்பைப் போட்டு நொடிகளை எண்ணுங்கள்

விளக்கு ஒருமுறை மின்னியதும் ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கி, அடுத்து மின்னும்போது நிறுத்துங்கள். கணக்கு எண்ணை அந்த நொடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். 3200 மீட்டரில் 60 வாட் குண்டு பல்புக்குக் கிட்டத்தட்ட 19 நொடி ஆகும். 9 வாட் எல்.இ.டி.க்கு 125 நொடி. அவ்வளவு நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஒரே மாதிரி நாலு பல்பைச் சேர்த்துப் போட்டு, கிடைக்கும் வாட்டை நாலால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்து லைனில் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். அப்போது 60 என்று எழுதிய குண்டு பல்பு 50-ஐ ஒட்டிக் காட்டலாம். வெளிச்சமும் அதற்கேற்ப மங்கும், லாபம் ஒன்றுமில்லை.

இப்போது ராத்திரி பூராவும் எரிகிற அந்தச் சின்ன ஜீரோ வாட் பல்பை மாட்டுங்கள். பழைய இழை பல்பாக இருந்தால் 75 நொடியை ஒட்டி மின்னும். அதாவது 15 வாட்! பெயரில் மட்டும்தான் ஜீரோ.

படி 4: மணிநேரத்தால் பெருக்குங்கள்

வாட் × ஒரு நாளைக்கு எரியும் மணிநேரம் × 60 நாள் ÷ 1000. இதுதான் ஒரு பில்லுக்கான யூனிட்.

பாத்ரூமில் 60 வாட் குண்டு பல்பு தினம் அரை மணி நேரம் எரிந்தால் 1.8 யூனிட். ஜீரோ வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் 9 யூனிட். எல்லோரும் கை காட்டிய பல்பை விட ஐந்து மடங்கு! அந்த இடத்தில் அரை வாட் எல்.இ.டி. போட்டால் 0.3 யூனிட்தான். அதே குண்டு பல்பு ஹாலில் ஐந்து மணி நேரம் எரிந்தால் மட்டும் 18 யூனிட், அங்கே 9 வாட் எல்.இ.டி.க்கு 2.7.

இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதைத் தாண்டும் வீடுகளுக்குத்தான் இந்த மிச்சம் காசாகத் தெரியும்.

படி 5: கடையில் லூமென் பாருங்கள்

வாட் என்பது செலவு, லூமென் என்பது வெளிச்சம். 60 வாட் குண்டு பல்பு தருவது சுமார் 700 லூமென். 9 வாட் எல்.இ.டி. பெட்டியில் 800, 900 என்று போட்டிருக்கும். ஒரே வாட்டில் இரண்டு பல்பு இருந்தால் லூமென் அதிகம் உள்ளதை எடுங்கள். நட்சத்திர முத்திரையும் வாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை வைத்துத்தான்.

டியூப்லைட்டை மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. 36 வாட் டியூப்போடு பழைய இரும்புச் சோக்கும் பத்து வாட்டுக்கு மேல் தின்னும். பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூப் மாட்டினால் சோக்கை லைனிலிருந்து எடுத்துவிடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பட்டியோடு வரும் 20 வாட் எல்.இ.டி. வாங்கினால் அந்த வேலையே இல்லை.