சீனச்சட்டியைத் தேங்காய் எண்ணெயில் பழக்காதீர்கள்

நம் குமரி மாவட்டத்து வீடுகளில் வாணலிக்குச் சீனச்சட்டி என்று பெயர். சீன, தாய்லாந்து சமையலைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பெயருக்கு ஏற்ற மெல்லிய கார்பன் ஸ்டீல் சட்டியை ஆசையாக வாங்குகிறார்கள். ஒரே மாதத்தில் அது பரணுக்குப் போய்விடுகிறது. உப்புக் கூடுவதும் வெங்காயம் கருகுவதும் நாள்பட்டால் சரியாகிவிடும். யாராவது சொன்னால் மட்டுமே திருந்தும் தவறுகள் சில உண்டு.

பழக்கும் எண்ணெய்

இந்த ஒரு தவறால்தான் நல்ல சட்டிகள் வீணாகின்றன. அடுக்களையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தேங்காய் எண்ணெய். அதில் இரண்டு கரண்டி ஊற்றி, சட்டி முழுக்கப் பூசி, புகைய விட்டு எடுத்து வைக்கிறார்கள். மறுநாள் தொட்டால் சக்கைப்பழப் பிசின் போல விரலில் ஒட்டுகிறது. அங்கங்கே தவிட்டு நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கும். முட்டை ஊற்றினால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். உடனே சட்டி மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சட்டியில் ஒரு குறையும் இல்லை.

பழக்குவது என்றால் எண்ணெயைச் சூட்டில் இறுக வைத்து, இரும்பின் மேல் கெட்டியான தோலாக மாற்றுவது. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய்தான் அப்படி இறுகும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. எவ்வளவு காய்ச்சினாலும் சரியாக இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும். நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ எடுங்கள்.

புதுச்சட்டியில் துரு ஏறாமல் இருக்க ஒரு பூச்சுப் பூசியிருப்பார்கள். வெந்நீர், சோப்பு, கம்பி நார் மூன்றும் கொண்டு அது போகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு எண்ணெய் இல்லாமல் பெரிய தீயில் வைத்து, சாம்பல் நிறம் நீலம் பாயும்வரை பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டுங்கள். மரப்பிடி தீயில் படக் கூடாது. அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறியதும், அரைத் தேக்கரண்டி எண்ணெயைப் பருத்தித் துணியால் தேய்த்து, இன்னொரு காய்ந்த துணியால் அதை முழுக்கத் துடைத்து எடுங்கள். எண்ணெயே இல்லாதது போலத் தெரிந்தால் அளவு சரி, மினுமினுத்தால் கூடுதல். சன்னலைத் திறந்து வைத்து, புகை அடங்கும்வரை மறுபடி காய்ச்சுங்கள். இதை நான்கு முறை செய்தால் போதும்.

முதல் சில வாரங்களுக்குப் புளி, தக்காளி, வினிகர் எதுவும் அதில் வேண்டாம். புளிப்பு அந்தத் தோலை அரித்துவிடும். நம் வீடுகளில் மீன்குழம்பு மண்சட்டியில் கொதிப்பதற்கும் இதில் பாடம் இருக்கிறது. பழகிய சட்டியில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தாராளமாகச் சமைக்கலாம். பழக்கத்தான் அது ஆகாது. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் ஈரச்சட்டி ஒரே இரவில் துருப்பிடிக்கும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சிவிடுங்கள்.

ஏற்கெனவே பிசுபிசுத்த சட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். முக்கால் சட்டித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, கம்பி நாரால் உரசி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

தேங்காய்ப்பால் திரிந்துவிடுமோ என்ற பயம்

ஒன்றாம்பாலைக் கொதிக்க விடக் கூடாது என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். கிரீன் கறி எனப்படும் தாய்லாந்துப் பச்சை மசாலாக் குழம்புக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கெட்டியான ஒன்றாம்பால் 200 மில்லியை முதலில் அடுப்பேற்றி, எண்ணெய் முத்து முத்தாகப் பிரியும்வரை கிளற வேண்டும். அந்த எண்ணெயில்தான் மசாலா விழுதை வதக்குகிறார்கள், இரண்டாம்பால் பிறகுதான். எல்லாப் பாலையும் ஒன்றாக ஊற்றி விழுதைக் கரைத்தால் பச்சை வாசம் போகவே போகாது. பெட்டிப்பாலில் பிரியாமல் இருக்க மருந்து சேர்த்திருந்தால் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு வதக்குங்கள்.

பேரரத்தைக்குப் பதில் இஞ்சி

தாய்லாந்து சூப்பில் போடும் கிழங்கு பேரரத்தை. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் மணமும் ருசியும் வேறு. இஞ்சியின் காரம் பேரரத்தையில் கிடையாது. எலுமிச்சைத் தோலும் பைன் மரமும் கலந்த மணம் அதற்கு. நாட்டுமருந்துக்கடையில் வெறுமனே அரத்தை என்று கேட்டால் சித்தரத்தையைக் கட்டித் தந்துவிடுவார்கள். பேரரத்தை என்று சொல்லியே கேளுங்கள். காய்ந்த துண்டுகள் நான்கைந்தை ஒரு லிட்டர் சூப்பில் பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டு, பரிமாறும் முன் எடுத்துவிட வேண்டும். மெல்ல முடியாது.

நல்லெண்ணெயும் வறுத்த எள்ளெண்ணெயும்

ஒன்றல்ல. கறுத்த எள்ளெண்ணெய் மணத்துக்கு. அடுப்பை அணைத்த பிறகு அரைத் தேக்கரண்டி.

சோயா சாஸுக்கு மேல் உப்பு

ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி உப்பு இருக்கிறது. கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். கறுப்புச் சோயா நிறத்துக்கு. அதைக் கொண்டு உப்பை நிரப்பப் பார்க்காதீர்கள்.

ஒரே சட்டியில் நாலு பேருக்கு

வீட்டு அடுப்பின் தீ அதற்குப் போதாது. ஒரு தடவைக்கு ஒன்றரைக் கப் சோறு. அதற்கு மேல் போனால் வறுபடாது, அவியும்.

மூங்கில் ஆவித்தட்டு

வாங்க வேண்டாம். நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். இட்லிக் கொப்பரையில் வாழையிலை விரித்து அவியுங்கள்.