முகமூடி யாருக்குச் சொந்தம், முகம் யாருக்குச் சொந்தம்? சூப்பர்ஹீரோ ஒப்பந்தங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் டச்சுக்குடாக் கடற்கரையில், சூப்பர்ஹீரோ குறும்படம் எடுத்த நம்ம ஊர்ப் பெடியன்களோடு உட்கார்ந்திருந்தேன். நடுவில் அந்த முகமூடி. நீல மழைக்கோட்டுத் துணியில் தைத்தது, கண்ணுக்கு மீன்வலைத் துண்டு, உள்பக்கம் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அதைப் போட்டு நடித்தவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார், இரண்டாம் பாகத்தை வேறொருவரை வைத்து எடுக்கலாமா கூடாதா என்று சண்டை. "முகமூடி எங்கடதான் அண்ணா, ஆனா சனம் அவனைத்தானே ஹீரோ எண்டு நினைக்குது" என்றார் ஒருவர். ஹொலிவூட்டில் கோடிக்கணக்கில் பணம் புரளும் தகராறுகளும் இதே இடத்தில்தான் முட்டுகின்றன.

நடிகரையும் பாத்திரத்தையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பாத்திரம் காணி மாதிரி, உறுதி யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சொந்தம், நடிகர் அதில் குடியிருந்துவிட்டுப் போகிறவர். 2008இல் ஹல்க்காக நடித்தவர் எட்வர்ட் நோர்ட்டன், 2012இல் வந்தவர் மார்க் ரஃபலோ. அயர்ன்மேனின் நண்பன் ரோடியாக முதல் படத்தில் டெரன்ஸ் ஹவார்ட், 2010இல் வந்த இரண்டாம் படத்தில் டொன் சீடில். ஆள் மாறினாலும் பாத்திரம் அப்படியே தொடர்ந்தது.

ஆனால் முகம் நடிகருடையது, இதை மறந்தவர்களும் அடி வாங்கியிருக்கிறார்கள். இது சூப்பர்ஹீரோ படமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: 1989இல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' இரண்டாம் பாகத்தில், முதல் பாகத்தில் நடித்த கிறிஸ்பின் குளோவர் நடிக்க வராததால் வேறொருவருக்கு அவர் முகம் மாதிரியே ஒப்பனை போட்டு எடுத்தார்கள், அவர் வழக்குப் போட்டார், கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

அடுத்தது 'ஒன்பது படத்துக்கு ஒப்பந்தம்' என்று செய்தி வந்ததும் நடிகருக்கு ஒன்பது படம் உறுதி என்று நம்புவது. பெரும்பாலும் அது கம்பனியின் கையில் இருக்கும் விருப்ப உரிமை. கூப்பிட்டால் நடிகர் வர வேண்டும், கூப்பிட வேண்டும் என்ற கட்டாயம் கம்பனிக்கு இல்லை. கப்டன் அமெரிக்காவுக்குக் கிறிஸ் எவன்ஸிடம் முதலில் கேட்டது ஒன்பது படம், அவர் தயங்கித் தயங்கி ஆறுக்குத்தான் ஒப்புக்கொண்டார். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது, ஒரு மனிதனின் பத்து வருடம் அது.

சரி, ஹல்க்கும் அயர்ன்மேனும் மார்வெல் என்ற கொமிக்ஸ் கம்பனியின் பாத்திரங்கள். அதற்காக மார்வெல் பாத்திரமென்றால் மார்வெல்தான் படம் எடுக்கலாம் என்று நினைப்பதும் பிழை. 1996இல் மார்வெல் திவாலானது. பணத்துக்கு அந்தரப்பட்ட அந்தக் காலத்தையொட்டித்தான் பாத்திரங்களின் பட உரிமைகள் வெளியே போயின. எக்ஸ்-மென் ஃபொக்ஸ் என்ற படக் கம்பனியிடம், ஸ்பைடர்மேன் 1999இல் சோனியிடம். 2009இல் டிஸ்னி மார்வெலை வாங்கியபோதுகூட அவை திரும்பி வரவில்லை. 2015இல் சோனியோடு உடன்பாடு செய்த பிறகுதான் ஸ்பைடர்மேன் மார்வெல் படத்துக்குள் வந்தார். 2019 ஓகஸ்டில் அது முறிந்து அடுத்த மாதமே திரும்ப ஒட்டியது. இரண்டு கம்பனியும் பயன்படுத்தக்கூடிய பாத்திரமாக இருந்த குவிக்சில்வரின் கதை இன்னும் விசித்திரம், 2014இல் ஃபொக்ஸ் படத்தில் ஒருவர், 2015இல் மார்வெல் படத்தில் இன்னொருவர்.

இந்தப் பட உரிமை குத்தகை மாதிரி. தம்பலகாமத்தில் ஒரு வயலை, போகத்துக்கு விதைக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று பேசிக் கொடுத்தால் எப்படியோ அப்படி. படம் எடுக்காமல் கெடு தவறியதால் ஃபொக்ஸிடமிருந்த டேர்டெவில் என்ற ஹீரோவின் உரிமை மார்வெலிடம் திரும்பிவிட்டது. கையிலிருக்கும் உரிமை போய்விடக் கூடாது என்பதற்காகவே ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற ஹீரோக் கூட்டத்தை, அதன் உரிமையை வைத்திருந்த வேறொரு கம்பனி 1990களில் சின்னச் செலவில் ஒரு படமாக எடுத்தது, அது கடைசிவரை திரைக்கு வரவில்லை. அதில் மனம்வைத்து நடித்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கவலைதான்.

சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு, படம் எங்கே எப்படி வெளிவரும் என்ற வரியை வாசிக்காமல் விடாதீர்கள். 2021 ஜூலையில் மார்வெலின் பிளாக் விடோ படம் தியேட்டரிலும், வீட்டிலிருந்தே பார்க்கும் டிஸ்னி பிளஸ் இணையச் சேவையிலும் ஒரே நாளில் வந்தது. தியேட்டர் வசூலோடு கட்டியிருந்த தன் பணம் குறைந்துபோகும் என்று அதில் நடித்த ஸ்கார்லெட் ஜொஹான்சன் வழக்குப் போட்டார், செப்டெம்பரில் சமரசமானது.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது 1938. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நம்ம ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் எழுதாமலேயே கொடுத்துவிடுகிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொருளாதார உரிமையை, அதாவது படைப்பைப் பயன்படுத்திக் காசு பார்க்கும் உரிமையைக் கைமாற்றுவதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்து வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'ஓகே மச்சான்' என்று போடுவதை நம்பி இருக்காதீர்கள்.

அன்றைக்கு அங்கேயே ஒரு கொப்பி ஒற்றையில் எழுதினோம். பாத்திரத்தை உருவாக்கியவர் யார், முகமூடியோடு வேறு ஆள் நடிக்கலாமா, முதல் பாகத்தில் நடித்தவரின் பெயர் எங்கே வரும், யூடியூப் காசு எப்படிப் பிரியும். கட்டாருக்கு அனுப்பினோம், போன வெள்ளி கையெழுத்தோடு திரும்பி வந்தது. அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "டீசேர்ட்டில என்ட முகம் போடுறதெண்டா முதல்ல என்னட்டக் கேளுங்கோ."