பால் கொடுக்கும்போது ஆன்டிபயாடிக்: என்னென்ன செய்ய வேண்டும்?

என் மகனுக்கு நாற்பது நாள் ஆனபோது எனக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. ஒரு பக்க மார்பு கல்லாகக் கட்டி, சிவந்து, தொட்டாலே உயிர் போனது. காசிமேட்டில் எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மாத்திரை போட்டா பாலில் இறங்கிடும், குழந்தைக்குக் கொடுக்காதே." நானும் இரண்டு நாள் பவுடர் பால் கரைத்துக் கொடுத்தேன். வீக்கம் இன்னும் கூடியது. பால் கட்டிய மார்புக்குக் குழந்தை குடித்து இறக்குவதே பாதி வைத்தியம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்குப் பாலை நிறுத்தவே தேவையில்லை.

படி 1: டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்

காய்ச்சலைச் சொல்வதற்கு முன்பே "நான் பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். குழந்தையின் வயது, எடை, குறைமாதத்தில் பிறந்ததா, மஞ்சள் காமாலை இருக்கிறதா, ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறை) உண்டா என்பதையும் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். அதனால் வயது மிக முக்கியம்.

படி 2: மாத்திரையின் பெயரைக் கேளுங்கள்

அமாக்சிசிலின், செஃபலெக்சின், செஃபிக்சிம் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே இறங்கும். இவற்றைக் குழந்தை டாக்டர்கள் குழந்தைகளுக்கே சிரப்பாக எழுதுகிறார்கள். பால் வழியாகப் போவது அந்த அளவில் சிறு பங்குதான். அசித்ரோமைசினும் பொதுவாகக் கொடுக்கக்கூடியதே. டாக்சிசைக்ளினை நீங்கள் மூன்று வாரத்துக்கு மேல் போகாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

கவனம் தேவைப்படுபவையும் உண்டு. கோ-ட்ரைமாக்சசோல் காமாலை உள்ள, குறைமாத, ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆகாது. குளோராம்பெனிகாலைத் தவிர்ப்பார்கள். மெட்ரோனிடசோலை வழக்கமான அளவில் சாப்பிடும்போது பால் கொடுக்கலாம். ஒரே தடவையில் 2 கிராம் விழுங்கச் சொன்னால் மட்டும் 12 முதல் 24 மணி நேரம் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வார்கள்.

"பாலை நிறுத்து" என்று யாராவது சொன்னால், "வேறு மருந்து இருக்கிறதா டாக்டர்?" என்று கேளுங்கள். அநேகமாக இருக்கும். இந்தக் கேள்வியை அன்று நான் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

படி 3: பால் கொடுத்து முடித்ததும் மாத்திரை

முடிந்தால் குழந்தை நீண்ட நேரம் தூங்கப் போகும் வேளைக்கு முன். முடியாவிட்டாலும் கவலைப்படாதீர்கள்.

படி 4: குழந்தையைக் கவனியுங்கள்

மலம் கொஞ்சம் இளகலாம், மாத்திரை முடிந்ததும் சரியாகும். வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், தொடை இடுக்கில் சிவப்பு, உங்களுக்குக் காம்பில் எரிச்சல் என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இருவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், உடலெங்கும் தடிப்பு, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது என்றால் காத்திருக்காதீர்கள். நம் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. நடுராத்திரி என்றால் 108. சின்னச் சந்தேகம் என்றால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம்.

படி 5: மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள்

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. போன தடவை மீந்ததையும் எடுத்துப் போடாதீர்கள்.

பாலை நிறுத்தியே ஆக வேண்டிய நாள் வந்தால்

மாத்திரை போடும் முன்பே பீய்ச்சிச் சுத்தமான மூடியுள்ள டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். நான்கு நாள் வரை இருக்கும். சென்னை வெயிலில் வெளியே வைக்காதீர்கள். அடுப்பில் சூடாக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை நிறுத்தி இளஞ்சூடாக்கிப் பாலாடையில் கொடுங்கள். மார்பு கட்டாமல் இருக்க, குழந்தை குடிக்கும் நேரத்திலெல்லாம் பீய்ச்சிக்கொண்டே இருங்கள்.